சாட்சிக்கு முன் ஒரு ஊசி

பேராச்சியின் போனில் ஜெனி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். பத்து வயது. வெள்ளை ஃபிராக், இரட்டைப் பின்னல், பின்னால் நீலத் திரை.

“எனக்குச் சுகர் இருந்தது. டெய்லி ஊசி போட்டாங்க. அப்பாவும் பாஸ்டர் அங்கிளும் ஜெபம் பண்ணாங்க. இப்ப எனக்கு ஊசியே கிடையாது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஜெனியின் அப்பா தாவீது முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“நேத்து ஆராதனையில எடுத்தது,” என்றாள் பேராச்சி. “குரூப்புல போட்டிருக்காவ. தாராவி பூராவும் பாத்தாச்சு.”

டாக்டர் ஜாய் வீடியோவை நிறுத்தினாள். நேற்று அந்தப் பிள்ளை மேடை ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், இதே கிளினிக்கில், இதே ஸ்டூலில் உட்கார வைத்து அவளுக்கு இன்சுலின் போட்டது ஜாய்தான். பேராச்சி கொண்டுவந்த இட்லியைத் தின்ன வைத்து, வாயைத் துடைத்து, சாட்சி சொல்ல அனுப்பி வைத்ததும் ஜாய்தான். அதற்காகவே செம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் ஓடி வந்திருந்தாள்.

“நல்லாத்தான் பேசுது புள்ள. துளி பயமில்ல,” என்றாள் பேராச்சி.

“அக்கா, அவ பொய் சொல்றா.”

“அவ எங்க சொல்லுதா? நாமல்லா சொல்ல வைக்கோம்.”

பேராச்சி இந்தக் கிளினிக்கின் கம்பவுண்டர், கேஷியர், காவல்காரி எல்லாம். ஜாய் இதே தாராவிச் சந்தில் மூக்கொழுகித் திரிந்ததைப் பார்த்தவள். அதனால் டாக்டர் என்ற மரியாதையெல்லாம் பேஷண்ட் இருக்கும்போது மட்டும்தான்.

ஜாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கதை ஆரம்பித்தது மழைக்காலத்தில். ஜெனிக்குத் திடீரென்று சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை இது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. மாத்திரை, பத்தியம், பாகற்காய் எதுவும் வேலைக்காகாது. ஆயுசுக்கும் ஊசிதான். மயங்கின பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தாவீது ஒழுங்காக ஊசி வாங்கினான், ஒழுங்காகப் போட்டான். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன ஹனிமூன் வந்தது.

இந்த நோய் வந்த புதிதில், ஊசி ஆரம்பித்த பிறகு, செத்துக்கொண்டிருக்கும் கணையம் கடைசியாக ஒருமுறை எழுந்து உட்காரும். சில மாதம் கொஞ்சம் இன்சுலின் சுரக்கும். ஊசியின் அளவு குறைந்துகொண்டே வரும். பிறகு கணையம் நிரந்தரமாகப் படுத்துவிடும். டாக்டர்கள் இதற்கு ஹனிமூன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்த ஆள் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஜாய்க்கு ரொம்ப நாளாக ஆசை.

“டோஸ் குறையுது, நல்ல விஷயம். ஆனா இது நிக்காது, திரும்ப ஏறும்,” என்று தாவீதிடம் அவள் சொன்னாள். அவன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டான். மறு ஞாயிறே ஜெப வீட்டில் எழுந்து நின்று, மகளுக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டான். அன்றோடு ஊசியும் நின்றது.

சாட்சி சொல்வதுதான் அங்கே பெரிய முடிச்சு. சபையில் நின்று ‘ஆண்டவர் குணமாக்கினார்’ என்று வாயால் சொன்ன பிறகு ஊசியை எடுத்தால், ஆண்டவரைப் பொய்யராக்கின மாதிரி. தாவீது செத்தாலும் செய்ய மாட்டான். செத்தாலும் என்றால், யார் செத்தாலும்.

சர்க்கரை ஏறினது. ஒருநாள் காலை அம்மா செல்வமேரி பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். “டாக்டரம்மா, அவருக்குத் தெரியாம ஊசி போடுங்க. தெரிஞ்சா திசையன்விளையில அவரு அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுருவாரு. அவிய வீட்டுக்குள்ள தலைவலி மாத்திரைகூட ஏத்த மாட்டாவ.”

ஜாய் அன்றைய ஊசியைப் போட்டுவிட்டு முதலில் குழந்தைகள் உதவி எண்ணுக்குத்தான் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது, நான் ஊசி போடுகிறேன். அப்படியானால் சிகிச்சை கிடைக்கிறதே மேடம், புகார் என்ன? சிகிச்சையை நிறுத்தினால்தான் அவசரப் புகார் என்றாள் அந்தப் பெண். நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது. ஜாய் போனை வைத்தாள்.

இப்படியாக ஊசி ரகசியமாயிற்று. பள்ளிக்கூடம் போகும்போது ஒன்று, டியூஷன் முடிந்து வரும்போது ஒன்று. பிள்ளையின் கன்னம் பூசினாற்போல் ஆனது. தாவீது தன் செலவில் லேபுக்குப் போய் மகளின் ரத்தத்தைச் சோதித்தான். ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. பின்னே வராதா? அதையும் குரூப்பில் போட்டான். ஜாய் எவ்வளவு நன்றாக வைத்தியம் பார்த்தாளோ, அவ்வளவு பெரிதாக அற்புதம் வளர்ந்தது. வருகிற மாதம் மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டமாம். பேனரில் ஜெனியின் படமாம்.

“வந்துட்டாவ,” என்றாள் பேராச்சி.

செல்வமேரி சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் ஸ்கூல் பையோடு ஜெனி. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தானாகவே சட்டையின் ஓரத்தை விலக்கினாள். பழகிவிட்டது.

“ஆன்ட்டி, வீடியோ பாத்தீங்களா? நல்லா பேசினேனா?”

ஜாய் சிரிஞ்சை எடுத்தாள். அதற்குள் வெளியே ஒரு அலறல்.

“டாக்டரம்மா, எம்புள்ளையப் பாருங்க...”

கும்பார்வாடாப் பக்கத்து ருக்கு. தோளில் ஏழு வயது மகேஷ்குமார் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை. உதடு நீலம்.

அடுத்த நிமிஷம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. ஜாய் பையனைக் கட்டிலில் ஒருக்களித்துப் போட்டாள். பேராச்சி ஆக்ஸிஜனைத் திறந்தாள். மூக்கில் அடிக்கும் மருந்தை அடித்தும் இழுப்பு நிற்கவில்லை. இன்னொரு முறை அடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை கால் தளர்ந்தது. மூச்சு சீராயிற்று.

திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் காலி.

ருக்கு அதே ஜெப வீட்டுக்கு வருகிறவள். அவள் கண்ணில் படக்கூடாது என்று செல்வமேரி பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். போட வேண்டிய ஊசி தட்டிலேயே கிடந்தது.

“ருக்கு,” ஜாய் அடக்கிக்கொண்டு கேட்டாள், “இவனுக்கு ரெண்டு வருஷமா ஃபிட்ஸ் வரலையே. மருந்து குடுக்கிறதானே?”

ருக்கு முந்தானையைப் பிசைந்தாள். “நிறுத்திட்டம்மா. போன வாரம்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பாஸ்டர்கூட ஒண்ணும் சொல்லல. நானாத்தான். மருந்தக் குடுத்துக்கிட்டே ஜெபம் பண்ணா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்லா? ஜெனிப்புள்ளைக்கே சரியாயிட்டு. ஊசி போட்டவளுக்கே சரியாவும்போது வெறும் சிரப் குடிக்கிறவனுக்கு ஆவாதா?”

பேராச்சி ஜாயைப் பார்த்தாள். ஜாய் சுவரைப் பார்த்தாள்.

டாக்ஸி வந்தது. பேராச்சி பையனைத் தூக்கிக்கொண்டு ருக்குவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிளினிக்கில் ஜாய் மட்டும், கூடவே வெளியே பெஞ்சில் இருமலும் சளியுமாக ஏழெட்டுப் பேர்.

ஒருத்தியைக் காப்பாற்ற அவள் பொத்திவைத்த ரகசியம் இன்னொருத்தனைக் கொல்லப் பார்த்தது. ரகசியத்தை உடைத்தால் ஜெனி திசையன்விளைக்கு ரயில் ஏறுவாள். அங்கே பத்து நாள் தாங்கினால் அதிகம். உடைக்காவிட்டால் இன்றைக்கு மகேஷ், நாளைக்கு எந்த வீட்டில் எந்த மருந்து குப்பைக்குப் போகுமோ. மருத்துவக் கல்லூரியில் இதற்கெல்லாம் ஒரு பாடம் வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. எல்லாரும் தூங்கினார்கள். விழித்திருந்தாலும் அதில் செல்வமேரியோ ருக்குவோ இருந்திருக்க மாட்டார்கள்.

பாஸ்டர் சாலமோனுக்குப் போன் போட்டாள்.

“நான் யாரையும் மருந்தை நிறுத்தச் சொன்னதே இல்லையே டாக்டர்,” என்றார். குரலில் உண்மையான வருத்தம்.

“நிறுத்தாதீங்கன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ்டர்.”

“அதெப்படி... ஜனங்களோட விசுவாசம் அவங்கவங்க அளவு. நான் குறுக்க வரலாமா?”

“பையன் செத்திருப்பான்.”

“கர்த்தர் காப்பாத்தினாரே. ஸ்தோத்திரம்.”

ஜாய் போனைக் கவிழ்த்து வைத்தாள். இனி எதிர்முனையில் இருப்பவர்களை நம்பிப் பயனில்லை. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, ஜெனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும் நேரம் பார்த்து, இன்சுலினையும் சர்க்கரை பார்க்கும் மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

தாவீதின் தோல் பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. கீழே நாலு மெஷின் தடதடத்தது. தோல் வாடையும் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையும் தலையைச் சுற்ற வைத்தன.

“டாக்டரம்மா, வாங்க வாங்க,” தாவீது கத்தரியை வைத்துவிட்டு எழுந்தான். “ஹனீப் பாய், டாக்டரம்மாவுக்கு ஒரு கட்டிங் சாய் சொல்லுங்க.”

“டீ வேண்டாம். தாவீது, நான் சொல்றதை உக்காந்து கேளுங்க. ஜெனிக்கு நான் தினமும் ரெண்டு வேளை இன்சுலின் போடுறேன். நீங்க ஊசியை நிறுத்தின கொஞ்ச நாள்லேருந்து. அதனாலதான் அவ நல்லா இருக்கா.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதல் மெஷினில் இருந்த ஹனீப் பாய் ஊசிக்கு நூல் கோக்கிற பாவனையில் காதைத் தீட்டினார்.

தாவீதுக்குக் கோபம் வரும் என்று ஜாய் எதிர்பார்த்திருந்தாள். அவன் சிரித்தான். பரிதாபப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

“டாக்டரம்மா, ஒங்க மேல எனக்கு மரியாதை உண்டு. நீங்களும் வேதக்காரங்கதான். ஆனா நீங்க பழைய சபை. ஒங்களுக்கு விசுவாசம் ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிஞ்சிரும். ஆண்டவர் நேரா வந்து செஞ்சா தாங்காது.”

“நான் பொய் சொல்றேங்கிறீங்களா?”

“பொய்யின்னு சொல்லுவனா? நீங்க ஊசி போட்டதாவே இருக்கட்டும். அதனாலதான் பிள்ளை நல்லாருக்கான்னு எப்படிச் சொல்லுதிய? ஒண்ணு செய்வோம். ஒரு வாரம் ஊசி போடாதீங்க. பாத்துருவோம்.”

“ஒரு வாரத்துல அவ மூச்சு விடத் திணறுவா தாவீது. அப்புறம் எழுந்திரிக்க மாட்டா.”

“அது ஒங்க விசுவாசம். என் விசுவாசம் வேற.”

ஜாய்க்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவன் சொன்னதில் ஓட்டை இல்லை என்பதுதான் எரிச்சல். நிரூபிக்க ஒரே வழி பிள்ளையைப் பணயம் வைப்பது.

“உங்க வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேளுங்க. கூட்டிட்டு வர்றது அவங்கதான்.”

தாவீது மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏட்டி மேரி, எறங்கி வா.”

செல்வமேரி ஏணியில் பாதி இறங்கி, ஜாயைக் கண்டு அப்படியே நின்றாள்.

“டாக்டரம்மா நம்ம பிள்ளைக்கு டெய்லி ஊசி போடுதாவளாம். நீதான் கூட்டிட்டுப் போறியாம். நெசமா?”

செல்வமேரி புருஷனைப் பார்த்தாள். ஹனீப் பாயைப் பார்த்தாள். ஏணியின் படியைப் பார்த்தாள்.

“எனக்கொண்ணும் தெரியாதுங்க,” என்றாள்.

தினமும் இரண்டு வேளை ‘டாக்டரம்மா, நீங்கதான் எனக்குத் தெய்வம்’ என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். ஜாய் பக்கத்திலிருந்த தோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பாத்தியளா?” என்றான் தாவீது மெதுவாக. ஜெயித்த தொனிகூட இல்லை. “பிள்ளையக் கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல விட்டுட்டு வாரேன். இங்க இருந்தா ஆளாளுக்கு விசுவாசத்தக் கலைச்சுப்போடுதாவ. தட்கல் போட்டா நாளைக்கே கெளம்பிரலாம்.”

ஏணியில் நின்றவளின் கை கம்பியை இறுக்கியது.

மேலேயிருந்து ஜெனியின் குரல் வந்தது. “அம்மா, தண்ணி. பாட்டில் காலி.”

“இப்பத்தானட்டி குடிச்ச?”

ஹனீப் பாய் முதல்முறையாக வாயைத் திறந்தார். “ஸ்கூல்லேருந்து வந்து பிரெட்டும் ஜாமும் தின்னதுலேருந்து அதே கதைதான் பாய். சந்துக் கக்கூசுக்கு நாலு தடவை ஓடிச்சு. கீழ படுத்துக்கிச்சு. நான்தான் மேல அனுப்புனேன்.”

ஜாய் எழுந்தாள். செல்வமேரியை ஒதுங்கச் சொல்லி ஏணியில் ஏறினாள். ஜெனி பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. கண் கிறங்கியிருந்தது. ஜாய் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். பின்னாலேயே ஏறி வந்த தாவீதின் முகத்துக்கு நேரே அதை நீட்டினாள்.

438.

“இந்த மெஷின் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப நீங்களே பாத்திருக்கீங்க. சாப்பிட்டு எவ்வளவு இருக்கணும்?”

“நூத்தம்பதுக்குள்ள,” என்றான் தாவீது, தன்னை அறியாமல்.

“ஒரு வாரம் வேண்டாம். காலையில ருக்கு மகன் வலிப்போட வந்தான். அவன் மருந்தை நிறுத்துனதுக்குக் காரணம் உங்க பொண்ணோட சாட்சி. அந்தக் கலாட்டாவுல ஜெனிக்கு ஒரே ஒரு ஊசி விட்டுப்போச்சு. ஒண்ணே ஒண்ணு. இதுதான் நீங்க கேட்ட பரீட்சை.”

தாவீது மெஷினை விலக்கினான். “சத்துரு சோதிக்கான்...”

“சத்துரு இல்ல தாவீது. பிரெட்டும் ஜாமும்.”

அவன் மண்டியிட்டான். மகளின் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடி உதட்டை அசைக்கத் தொடங்கினான். ஜாய் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். ஏற்றிவிட்டு நிறுத்தினாள்.

“செல்வமேரி, இங்க பாருங்க. ஒளிச்சு வெச்சு இனிமே ஒரு ஊசிகூட நான் போட மாட்டேன். பெத்தவங்கள்ல ஒருத்தர் சரின்னா போதும். ஆனா வாயைத் திறந்து சொல்லணும். இவர் காதுல விழணும்.”

இதை அவள் சும்மாதான் சொன்னாள். சம்மதம் வராவிட்டாலும் போட்டிருப்பாள். ஆனால் அது செல்வமேரிக்குத் தெரியாது.

ஜெனி ஒருமுறை ஓக்களித்தாள்.

“போடுங்க,” என்றாள் செல்வமேரி. பிறகு இன்னும் சத்தமாக, “போடுங்க டாக்டரம்மா.”

ஊசி ஏறியது. தாவீதின் உதடு நின்றது.

“நெசந்தான்,” என்றாள் செல்வமேரி புருஷனிடம். “காலையும் சாயந்தரமும் நாந்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“அப்ப நேத்து மைக்ல...”

“அதையும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன். முன்னாடி ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்திய. அந்த மூஞ்சியப் பாத்துட்டு என்னன்னு சொல்லச் சொல்லுதிய?”

கீழே ஒரு மெஷின் ஓட ஆரம்பித்து, யாரோ அதட்டி, நின்றது.

“அப்ப ஆண்டவர் சுகம் குடுக்கலையா டாக்டரம்மா?” தாவீது கேட்டான். சின்னப் பையன் கேட்கிற மாதிரி இருந்தது.

ஊசியும் ஆண்டவர் கொடுத்ததுதான், டாக்டரும் ஆண்டவர் அனுப்பினவர்தான் என்று இதற்கு அழகான பதில்கள் உண்டு. எல்லாவற்றையும் ஜாய் இவனிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்றைக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

“எனக்குத் தெரியாது தாவீது. எத்தனை யூனிட்னு கேளுங்க, சொல்றேன்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “எத்தனை யூனிட்?”

ஜாய் சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பேராச்சியிடமிருந்து போன் வந்தது. மகேஷ் கண் விழித்து, பக்கத்துப் படுக்கைக்காரரின் பிஸ்கட்டைக் கேட்டு அடம்பிடிக்கிறானாம். ருக்கு மட்டும் இன்னும் யோசிக்கிறாளாம், மருந்தை மறுபடி ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று.

“இன்னும் என்ன யோசனை?” ஜாய் பல்லைக் கடித்தாள்.

செல்வமேரி சேலையை இழுத்துச் செருகினாள். “நான் போறேன். அவகிட்ட நானே சொல்லுதேன்.” ஏணியில் கால் வைத்தவள் திரும்பி, “பிள்ளையப் பாத்துக்கிடுங்க,” என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தாவீதுக்கு விளங்கவில்லை. அவன்தான் ஜெனியின் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தான்.

ஜாய் போனில் குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.

“யாருக்கு?” என்றான் தாவீது. அவள் சொன்னதும் முகம் கறுத்தது. “நான்தான் சரின்னுட்டேன்லா. பொறவு எதுக்குக் கம்ப்ளெயிண்டு?”

“நீங்க சரின்னது இன்னைக்கு. அவளுக்கு ஊசி அடுத்த மாசமும் வேணும். அடுத்த வருஷமும் வேணும். அண்ணன் போன் பண்ணுவாரு, பாஸ்டர் வீட்டுக்கு வருவாரு, மைதானத்துல கூட்டம் இருக்கு. அன்னைக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?”

“என்ன நம்பலையா?”

“நம்பிக்கை இந்த வீட்டுல ஏற்கெனவே நிறைய இருக்கு தாவீது. கொஞ்சம் கண்காணிப்பும் இருக்கட்டும்.”

அந்தப் பக்கம் எடுத்தார்கள். வேறு குரல். ஆண். ஜாய் ஹிந்தியில் விவரத்தைச் சொன்னாள்: பிள்ளையின் பெயர், வயது, சர்க்கரை அளவு, அப்பா சிகிச்சையை நிறுத்தியது, ஊரை விட்டுக் கொண்டுபோக நினைத்தது.

“இத்தனை நாள் சிகிச்சை கொடுத்தது யார்?”

“நான். அப்பாவுக்குத் தெரியாமல்.”

“மேடம், அதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். உங்களையும் விசாரிப்பார்கள்.”

“தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.”

“முகவரி?”

தாராவியில் முகவரி சொல்வது லேசான காரியமா? எந்தச் சந்து, எந்தக் குழாயடி, எந்தப் பட்டறைக்கு மேலே. ஜாய் இரண்டு முறை தப்பாகச் சொல்லித் திணறினாள். மூன்றாம் முறை தாவீது பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினான்.

“குடுங்க டாக்டரம்மா. நான் சொல்லுதேன்.”